மைக்ரோபயாலஜி வகுப்புக்குப் புதுச் சரக்கு: ஒரு எல்லையோர டீச்சரின் தேடல் வழிகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் 'டீச்சர்'. பொள்ளாச்சி, ஆனைமலைப் பிள்ளைகளுக்கு 'மேம்'. வீடு கேரளத்தில், வேலை தமிழ்நாட்டில். தினமும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி பஸ்ஸில் போய் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி நடத்துகிறேன். பதினேழு வருஷம் ஆகிறது.

அதில் முதல் ஒன்பது வருஷம் ஒரே நோட்ஸ்தான். நான் எம்.எஸ்ஸி. படித்தபோது எழுதிய நோட்டிலிருந்து எடுத்தது. அதை நான் படிக்க, பிள்ளைகள் எழுத, சீனியரிடமிருந்து ஜூனியருக்கு ஜெராக்ஸ் கைமாறி, கடைசியில் நான் வாயைத் திறக்கும் முன்பே அடுத்த வரி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ரிசல்ட்டும் வந்தது.

அப்போதுதான் ஒரு பெண் கேட்டாள். அவள் அப்பா சித்தூர் தாலுகாவில் தென்னையில் கள் இறக்குபவர். "டீச்சர், காலைல இறக்கினா இனிக்குது, மத்தியானம் புளிக்குது, மறுநாள் வாயில வைக்க முடியல. அதுல இருக்கிறது கிராம் பாசிட்டிவா, நெகட்டிவா?"

"ஈஸ்ட்" என்று ஒரு வார்த்தையில் முடித்தேன். (கிராம் சாயம் போட்டால் ஊதாவாக நிற்கும் பாக்டீரியா பாசிட்டிவ், சிவப்பாகிறது நெகட்டிவ்.) "புளிப்பு எப்படி டீச்சர் வரும்? ஈஸ்ட் ஆல்கஹால்தானே தரும்?" என்றாள். கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் முதல்முறையாக, பரீட்சைக்காக இல்லாமல், ஒரு பதிலுக்காகத் தேட உட்கார்ந்தேன். நான் தேடக் கற்றுக்கொண்டது அங்கிருந்துதான். புதுப் பாடப்பொருள் தேடும் சக ஆசிரியர்களுக்கு, குறிப்பாக லேப்பில் பாதிப் பாட்டில் காலியாக இருக்கும் சின்னக் கல்லூரிக்காரர்களுக்கு, அந்த வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கேள்வி நோட்டு

'மைக்ரோபயாலஜி டீச்சிங் ரிசோர்சஸ்' என்று கூகுளில் போட்டால் ஆயிரம் வரும், ஒன்றும் வகுப்புக்கு வராது. சந்தைக்குப் போய் "காய் கொடுங்க" என்று கேட்கிற மாதிரி. என்ன குழம்பு வைக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எந்தக் காய் என்று சொல்ல முடியும்.

எங்கள் லேப்பில் ஸ்டெய்னிங் ராக் பக்கத்தில் ஆணியடித்து ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். பிள்ளைகள் எதை இரண்டாவது தடவை கேட்டாலும் அதில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், கேள்வி மட்டும். மாதக் கடைசியில் புரட்டினால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். எங்கள் நோட்டில் எப்போதும் மேலே நிற்கிறவை மூன்று: கிராம் சாயத்தில் ஆல்கஹால் எதைக் கழுவுகிறது, லேக் ஓபரானில் (பால் சர்க்கரையை உடைக்கும் பாக்டீரிய மரபணுத் தொகுப்பில்) எது எதை நிறுத்துகிறது, செல்வழி நோயெதிர்ப்பில் யார் யாரிடம் பேசுகிறார்கள். அந்த மூன்றுக்கு மட்டும் அந்த மாதம் தேடுவேன். மற்றதெல்லாம் பழைய நோட்ஸிலேயே ஓடட்டும்.

தேடும்போது பாடத்தின் பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். 'இன்ஸ்ட்ரக்டர் கைடு', 'லேப் மேனுவல்', 'கேஸ் ஸ்டடி', 'மிஸ்கான்செப்ஷன்' இவற்றில் ஏதாவது ஒன்று. கடைசிச் சொல்தான் பொக்கிஷம். பிள்ளைகள் எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதியதெல்லாம் அதில் வந்து விழும். 'ஃபைல்டைப்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் பிடிஎஃப் என்று சேர்த்தால் விளம்பரப் பக்கங்கள் விலகி, பல்கலைக்கழகங்களின் லேப் கையேடுகள் மேலே வரும்.

பக்கத்து யுனிவர்சிட்டி சிலபஸையும் இறக்கிப் பாருங்கள். எங்கள் கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ், என் பக்கத்து வீட்டுப் பெண் படிப்பது காலிகட் பல்கலைக்கழகத்தின் கீழ். கேரளத்தில் 2024-இல் நான்கு வருஷ இளநிலைப் படிப்பு தொடங்கியபோது பாடத்திட்டங்களை எல்லாம் புதிதாக எழுதினார்கள். அதில் ஒவ்வொரு தாளின் அடியிலும் உள்ள நூல் பட்டியலும் செய்முறைப் பட்டியலும் யாரோ உட்கார்ந்து சலித்துவைத்த மாவு. நாம் எடுத்துக்கொண்டால் போதும்.

அடிப்படைக்கு ஒரு புத்தகம், காசில்லாமல்

எங்கள் நூலகத்தில் பெல்சார் இருக்கிறது, ஒன்பது பிரதி, ஏழுக்கு அட்டை இல்லை. பிரெஸ்காட்டின் புதிய பதிப்பு விலையைக் கேட்டால் பிள்ளைகளின் ஒரு மாத பஸ் காசை விட அதிகம். அதனால் இப்போது என் வகுப்பின் அடிப்படை நூல் ஓப்பன்ஸ்டாக்ஸ் மைக்ரோபயாலஜி. அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் பதிப்பகத்தோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். 26 அத்தியாயம். இறக்கிக்கொள்வது இலவசம் என்பது மட்டுமில்லை, மூலத்தைக் குறிப்பிட்டால் மாற்றலாம், வெட்டலாம், மொழிபெயர்க்கலாம் என்று உரிமமே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே படத்தில் ஆங்கிலப் பெயரை அழித்துத் தமிழில் எழுதி ஒட்டியபோது எனக்கு மனசில் உறுத்தல் இல்லை. அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு நோயாளியின் கதை துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கும். அடுத்த துண்டை நான் வேண்டுமென்றே அடுத்த வகுப்புக்கு ஒத்திப்போடுவேன். சீரியல் பார்க்கிற ஊர்தானே.

அது பிள்ளைகளுக்குக் கனமாக இருக்கும் இடங்களில் லிப்ரேடெக்ஸ்ட்ஸ் தளத்துக்குப் போகலாம். அங்கே ஒரே தலைப்புக்கு நான்கைந்து பேராசிரியர்கள் எழுதிய நூல்கள் அலமாரி போல அடுக்கியிருக்கும். ஒருவர் சொன்னது புரியாவிட்டால் அடுத்தவர். மருத்துவ நுண்ணுயிரியலுக்கு அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐயின் புக்ஷெல்ஃபில் பேரன் தொகுத்த நூலின் நான்காம் பதிப்பு முழுதாகக் கிடக்கிறது. ஆனால் அது 1996-ஆம் வருஷத்துப் பதிப்பு. நோய்க்கிருமி எப்படித் தாக்குகிறது என்ற பகுதி இன்றைக்கும் நன்று, மருந்துப் பகுதியைத் தொட வேண்டாம்.

ஸ்வயம், என்பிடெல் என்ற அரசு இணையப் பாடங்களின் வீடியோக்களைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. நல்லவைதான். ஆனால் வகுப்பில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்தாவது நிமிஷத்தில் பாதி வகுப்பு தூங்கும். அவை எனக்கு, பிள்ளைகளுக்கு இல்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஒன்றேகால் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டு, அதில் வரும் ஒரு நல்ல உவமையை மட்டும் மறுநாள் எடுத்துப்போவேன்.

உங்கள் கல்லூரி இன்ஃப்லிப்நெட்டின் என்-லிஸ்டில் (கல்லூரிகளுக்கான இணைய இதழ், நூல் சேவையில்) உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். எங்கள் கல்லூரி பல வருஷமாகச் சந்தா கட்டிவந்தது. துறையில் யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டு எழுதிய தாள் நூலகர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

புதுசா, பழசா: ஒரு நிமிஷச் சோதனை

இணையத்தில் தேதி போடாத பிபிடிகள் ஏராளம். நான் இரண்டே சொல்லைத் தேடுவேன். ஒன்று, லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம். 2020-இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை இருபத்தைந்து பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது அது லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம். இரண்டாவது, ஃபெர்மிக்யூட்ஸ், புரோட்டியோபாக்டீரியா என்ற தொகுதிப் பெயர்கள். 2021-இல் அவை பேசில்லோட்டா, சூடோமோனாடோட்டா என்று முறைப்படி மாறின. பழைய பெயர் மட்டுமே இருந்தால் வகைப்பாட்டுப் பகுதியை அந்தச் சரக்கிலிருந்து எடுக்க மாட்டேன். சந்தேகம் வந்தால் எல்பிஎஸ்என் என்ற தளம் இருக்கிறது. எந்த பாக்டீரியப் பெயரைப் போட்டாலும் இன்றைய செல்லுபடியான பெயர் எது, முன்பு என்ன பெயர் என்று வம்சாவளியே சொல்லிவிடும்.

அதற்காகப் பழசெல்லாம் குப்பை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிராம் 1884-இல் எழுதிய சாய முறைதான் இன்றைக்கும் நம் ராக்கில் வழிகிறது. நுட்பத்துக்குப் பழைய கையேடு போதும். பெயருக்கும் மருந்துக்கும்தான் புதுசு வேண்டும்.

லேப் இல்லாத இடத்தில் லேப்

பாலக்காடு ரயிலில் போகும்போது வாளையாருக்கு முன்னால் எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகம் தெரியும். அவர்களுடைய கொல்லம் பக்கத்து அமிர்தபுரி வளாகத்தில்தான், மத்திய அரசின் வர்ச்சுவல் லேப்ஸ் திட்டத்தில் மைக்ரோபயாலஜி செய்முறைகளை உருவாக்கினார்கள். கிராம் சாயம், ஸ்ட்ரீக் பிளேட் (தட்டில் கோடிழுத்து பாக்டீரியாவைப் பிரிப்பது), வளர்ச்சி வளைகோடு எல்லாம் இருக்கின்றன. என் அனுபவத்தில் இது செய்முறைக்கு மாற்று இல்லை, முந்தின நாள் ஒத்திகை. திரையில் ஒரு தடவை ஆல்கஹாலை அதிகமாக ஊற்றி எல்லாம் சிவப்பாகப் போவதைப் பார்த்த பிள்ளை, மறுநாள் நிஜத்தில் கை நடுங்காமல் நிறுத்துகிறது.

ஹெச்ஹெச்எம்ஐ பயோஇன்டராக்டிவ் தளத்தில் பாக்டீரியாவை அடையாளம் காணும் வர்ச்சுவல் லேப் ஒன்று உண்டு. டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் முறையில் அதைப் பல பிரதியாக்கி, இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு வரிசையைப் படித்து, தரவுத்தளத்தில் தேடி, இது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிசிஆர் இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காத எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். அது முடிந்ததும் நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். மரபணு வரிசைகளின் பொதுக் களஞ்சியமான ஜென்பேங்கிலிருந்து ஒரு 16எஸ் வரிசையை எடுத்து, தலைப்பு வரியை அழித்துவிட்டு, வெறும் எழுத்துகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். என்சிபிஐயின் பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பிடும் கருவியில் போட்டு யார் என்று சொல்ல வேண்டும். செல்போனே போதும். வரிசையை எனக்கே திருப்பி அனுப்பி என்னைச் சோதித்த பிள்ளைகளும் உண்டு. ஒருமுறை எருமையின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை அனுப்பிச் சிரித்தார்கள்.

நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகங்களுக்கு, அவற்றை விற்கும் ஹைமீடியா கம்பெனியின் தகவல் தாள்களைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மெக்கான்கி அகர் என்று தேடினால் என்ன சேர்மானம், ஒவ்வொன்றும் எதற்கு, எந்த உயிரி எந்த நிறத்தில் வளரும் என்று இரண்டு மூன்று பக்கத்தில் கிடைக்கும். எதையும் வாங்க வேண்டியதில்லை. சேர்மானத்தில் ஒரு வரியை மறைத்துவிட்டு "இது இல்லாவிட்டால் தட்டில் என்ன ஆகும்?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

ஆன்டிபயாட்டிக் டிஸ்க் சோதனையில், டிஸ்க்கைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையத்தை எப்படி அளப்பது என்பதற்கு ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் போட்ட குறும்படங்கள் இருக்கின்றன. படங்கள் வேண்டுமென்றால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பொதுச் சுகாதாரப் படநூலகம். பெரும்பாலான படங்களுக்குக் காப்புரிமைத் தடை இல்லை, ஆனாலும் ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள குறிப்பைப் பார்த்துவிடுங்கள். இருந்தாலும் சொல்கிறேன், எங்கள் மைக்ரோஸ்கோப் ஐபீஸில் செல்போனை வைத்துப் பிள்ளைகள் எடுத்த மங்கல் படங்களைத்தான் நான் அதிகம் காட்டுகிறேன். பரீட்சையில் ஸ்லைடு அப்படித்தானே தெரியப் போகிறது.

நம்ம ஊரே பாடம்

அந்தக் கள்ளுக் கேள்விக்கு வருகிறேன்.

இலவச மருத்துவ, உயிரியல் கட்டுரைக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் 'பாம் வைன்', 'மைக்ரோபியல் சக்ஸஷன்' (ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்துக்குப் பின் இன்னொன்று வருவது) என்று போட்டபோதுதான் கதவு திறந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நம் பக்கம் வரை ஆய்வுகள் இருக்கின்றன. கதை இதுதான்: பாளையிலிருந்து சொட்டும்போது சாறு கிட்டத்தட்ட நடுநிலை. பிஹெச் ஏழு பக்கம். பானையில் விழுந்த நிமிஷத்திலிருந்து லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையை ஆரம்பித்து அமிலத்தை ஏற்றுகின்றன. அந்த அமிலத்தில் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம், அது ஆல்கஹால் தருகிறது. கூடவே சைமோமோனாஸ் என்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவும் ஆல்கஹால் தருகிறது. காற்றுப் பட வைத்தால் கடைசியில் அசிட்டிக் அமில பாக்டீரியா வந்து அந்த ஆல்கஹாலை வினிகராக்கிவிடுகிறது. அவள் சொன்ன இனிப்பு சாற்றின் சொந்தச் சர்க்கரை, புளிப்பும் வாயில் வைக்க முடியாததும் இந்தக் கூட்டங்களின் வேலை. கிராம் பாசிட்டிவா நெகட்டிவா என்ற அவள் கேள்விக்கு விடை 'இரண்டும்'.

சைமோமோனாஸ் சர்க்கரையை உடைப்பது என்ட்னர்-டூடோராஃப் வழியில். ஒன்பது வருஷமாக அந்த வழியை வெறும் அம்புக்குறியாகப் போட்டிருக்கிறேன். அது என் வீட்டுக்கு இரண்டு தோட்டம் தள்ளி பானைக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறது!

பானையில் சுண்ணாம்பு தடவினால் ஏன் பதநீர் பதநீராகவே நிற்கிறது என்பதும் இதே பாடம்தான். காரத்தன்மை ஏறி, அமிலம் தரும் கூட்டமும் ஈஸ்ட்டும் அடங்கிவிடுகின்றன. பிஹெச் தாள் ஒரு கட்டு, சுண்ணாம்பு பூசிய பானை ஒன்று, பூசாதது ஒன்று, இரண்டு மணிக்கொரு தடவை அளவு. இவ்வளவுதான் செய்முறை.

ஆனால் ஒரு சிக்கல். கள் என் வீட்டுப் பக்கம் லைசென்ஸ் உள்ள தொழில், கல்லூரிப் பக்கம் தடை. பாட்டிலோடு செக்போஸ்ட்டில் நின்று "இது மைக்ரோபயாலஜி சார்" என்று சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் அளவெல்லாம் அவள் வீட்டுத் திண்ணையிலேயே எடுத்தோம். மணிக்கொரு துளியை ஸ்லைடில் தேய்த்து, காயவைத்து, மெழுகுவர்த்தி மேல் காட்டிப் பதித்து, நேரம் எழுதி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். காய்ந்த ஸ்லைடை எந்தச் சட்டமும் தடுக்காது. லேப்பில் சாயம் போட்டால், காலை எட்டு மணி ஸ்லைடில் ஓரிரண்டு செல், மதிய ஸ்லைடில் முட்டை முட்டையாக மொட்டுவிடும் ஈஸ்ட், நடுவே ஊதா மணிகள், சிவப்புக் குச்சிகள். சிவப்புக் குச்சி சைமோமோனாஸா அசிட்டோபாக்டரா என்பது சாயத்தில் தெரியாது. அதையும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அடுத்த செமஸ்டர் உயிர்வேதிச் சோதனைகள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டு மாவும் விட்டுவைக்கத் தகுந்ததில்லை. 1965-இல் அப்ளைட் மைக்ரோபயாலஜி இதழில் இட்லி மாவு பற்றி ஓர் ஆய்வு வந்தது. உப்பவைப்பது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று காட்டினார்கள். பழைய இதழ் என்பதால் பப்மெட் சென்ட்ரலில் முழுதாகப் படிக்கலாம். கட்டுரை சின்னது, முதல் வருஷப் பிள்ளையே படித்துவிடும். அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்று ஒரு பெயர் வரும். இப்போது அதற்கு என்ன பெயர் என்று எல்பிஎஸ்என்-இல் தேடச் சொல்லுங்கள். என்டிரோகாக்கஸ் என்று கண்டுபிடிப்பவர்களுக்கு அன்றைக்கு அட்டெண்டன்ஸோடு ஒரு முறுக்கு.

தென்னை வேர்வாடல் எங்கள் பக்கத்தில் எல்லாத் தோட்டத்துப் பேச்சு. 1882 வெள்ளத்துக்குப் பிறகு கோட்டயம் பக்கத்து ஈராட்டுப்பேட்டையில் முதலில் கவனித்ததாகச் சொல்லும் நோய், இப்போது ஆனைமலை வரை வந்துவிட்டது. காரணம் ஃபைட்டோபிளாஸ்மா. தட்டில் வளர்க்க முடியாத உயிரி. ஒரு கிருமிதான் ஒரு நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்கும் காக்கின் விதிகளை (இரண்டாவது: கிருமியைத் தனியாக எடுத்து வளர்த்துக் காட்ட வேண்டும்) நடத்தும்போது, "வளர்க்கவே முடியாவிட்டால் இரண்டாவது விதி என்ன ஆகும்?" என்று கேட்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் இணையத்தில் உண்டு. தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம். ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் எல்லாம் விவசாயிக்குச் சொல்கிற தமிழில் இருக்கும். என் வகுப்பில் தமிழ்வழி வந்த பிள்ளைகள் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் ஆங்கில நூலைத் தொடுகிறார்கள்.

கொஞ்சம் என் அசட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டும். சேற்று பாக்டீரியாக்கள் நிற நிறமாக அடுக்கடுக்காக வளரும் வினோகிராட்ஸ்கி தூண் செய்முறையை ஒரு வெளிநாட்டுக் கையேட்டில் பார்த்து, குளத்துச் சேறு, கிழித்த செய்தித்தாள், முட்டை எல்லாம் போட்டு பெரிய பிளாஸ்டிக் ஜாடியில் ஜன்னலோரம் வைத்தோம். மூடியை லேசாக விடச் சொன்ன வரியை நான் படிக்கவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் வாயு தள்ளி மூடி எகிறி, அழுகிய முட்டை நாற்றம் அலுவலகம் வரை போயிருந்தது. முதல்வர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து மிச்சச் சேற்றில் ஊதாவும் பச்சையுமாக கந்தக பாக்டீரியா அடுக்கு வந்தபோது அவரையே கூட்டிவந்து காட்டினோம். எந்தக் கையேட்டிலும் 'குறிப்பு' என்று போட்ட வரியை முதலில் படியுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு விளையாட்டு இல்லை. மண், தண்ணீர், கைரேகை என்று எதைத் தட்டில் வளர்த்தாலும் டேப் ஒட்டி மூடியபடியே பார்க்க வேண்டும். அதிலிருந்து அடுத்த தட்டுக்கு எடுத்து வளர்ப்பது எங்களைப் போன்ற அடிப்படை லேப்புக்கு ஆகாது. அமெரிக்காவில் 2011, 2014, 2017 ஆண்டுகளில் கல்லூரி லேப்களோடு தொடர்புடைய சால்மோனெல்லா தொற்றுகள் வந்தன. அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் பயிற்றுலேப் பாதுகாப்பு வழிகாட்டி இலவசம். அதை அச்சிட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் புதுச் செய்முறை தேடுங்கள்.

செய்தித்தாளில் வரும் கிருமிகள்

மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டமான ஐடிஎஸ்பி, வாரா வாரம் எந்த மாவட்டத்தில் எந்த நோய், எத்தனை பேர், என்ன நடவடிக்கை என்று அட்டவணை போட்ட அறிக்கைகளை வெளியிட்டிருக்கிறது. பாலக்காடு, கோயம்புத்தூர் என்று தங்கள் மாவட்டத்தைப் பிள்ளைகளே தேடிப்பிடித்து, "இங்கே தண்ணீர் மாதிரி எடுத்தார்களா, மலம் எடுத்தார்களா, ஏன்?" என்று பேச ஆரம்பித்தால் மருத்துவ நுண்ணுயிரியல் தானாக ஓடும்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது எங்கள் கல்லூரியில் கேரளப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவே மற்றவர்கள் தயங்கினார்கள். பாடத்தில் நிபா இல்லை. சிடிசியின் எமர்ஜிங் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழ் முழுதும் இலவசம், அதில் 2006-இல் பங்களாதேஷ் ஆய்வு ஒன்று வந்திருக்கிறது. பச்சை ஈச்சஞ்சாறு குடித்தவர்களுக்கு நிபா வந்த கதை. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு எப்படிச் சாற்றுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் பாடம். கள் இறக்குபவரின் மகள் அதைப் படித்துவிட்டுப் பானை வாயில் துணி கட்டச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டாளாம். கோழிக்கோட்டில் அந்த வழியாக வந்ததாக யாரும் நிறுவவில்லை என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. மலையாளம் வாசிக்கிற பிள்ளைகளுக்கு, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் லூக்கா தளத்தையும் சொல்வேன். அவர்கள் படித்துவந்து தமிழில் சொல்லும்போது இரண்டு மொழிக்காரர்களுக்கும் புரிந்துவிடுகிறது. தமிழ்க் கலைச்சொல்லுக்குத் தமிழ்நாடு அரசின் சொற்குவை தளம்.

மருந்து எதிர்ப்புக்கு ஐசிஎம்ஆரின் ஆண்டறிக்கை, கேரள அரசின் ஆன்டிபயோகிராம் (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற அட்டவணை) இரண்டும் பொதுவில் இருக்கின்றன. முழுதாகப் படிக்க வேண்டாம். ஒரு வரைபடம், ஒரு கேள்வி, போதும்.

எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

ஒரு வருஷம் எங்கள் நிர்வாகம் ஏதோ ஒரு கம்பெனியிடம் 'டிஜிட்டல் கன்டென்ட்' வாங்கியது. அனிமேஷனில் வைரஸுக்குக் கண்ணும் வாயும் இருந்தன, பாக்டீரியாவுக்கு நியூக்ளியஸ் இருந்தது. அதற்குப் பிறகு எதையும் வாங்கும் முன் பாக்டீரியா செல் படத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். சாட்பாட்டிடம் கேட்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது, கேள்வித்தாள் முதல்வரைவுக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் அது தரும் கட்டுரைத் தலைப்பை பப்மெட்டில் ஒட்டிப் பார்க்காமல் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டேன். இல்லாத கட்டுரைக்கும் அழகான தலைப்பு வைக்கும் திறமை அதற்கு உண்டு.

எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கிறேன். முதல் பெஞ்சு ஐந்து இல்லை, கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஐந்து. அவர்கள் இருபது நிமிஷத்துக்குள் செல்போனைத் திருப்பி வைத்துவிட்டால் அந்தச் சரக்கு எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாலும் வேண்டாம். தேறியதை நான்கு வரியில் ஒரு தாளில் எழுதிக் கோப்பில் போட்டுவிடுவேன்: எங்கே கிடைத்தது, எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு நேரம் ஆனது, எங்கே சொதப்பியது. ஏழு வருஷத்தில் அறுபத்து மூன்று தாள் சேர்ந்திருக்கிறது.

அறுபத்து நான்காவது இன்னும் எழுதவில்லை. எங்கள் ஊர் பால் சொசைட்டியில் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆறு பிள்ளைகளோடு வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு கேனிலிருந்தும் பத்து மில்லி பால், அதில் ஒரு மில்லி மெத்திலீன் ப்ளூ, 37 டிகிரியில் வைத்து நீலம் எப்போது மறைகிறது என்று பார்க்க வேண்டும். பாக்டீரியா அதிகமென்றால் சீக்கிரம் மறையும். ஐந்து மணி நேரம் தாங்கினால் நல்ல பால், அரைமணியில் வெளுத்தால் மோசம். வாட்டர்பாத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, தெர்மாமீட்டரும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் போதுமா என்று நாளைக்கு வீட்டில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.